இடம் வலமாக ஓர் ஆந்தை

நடிகர் முகங்களை இனி அச்சடிக்கக் கூடாதென்று
வசந்தத்தில் ஆணை வந்தது.
கோடையில் ஆந்தைகள் வந்தன.

பதிப்பாளர் கன்பெய் மெல்லிய தாளைக் கொண்டுவந்து
என் மனைமேல் விரித்தார்.
பைன் கிளையில் ஏழு ஆந்தைகள்.
ஒன்றின் காலில் விசிறி,
ஒன்று கடன்காரனைக் கண்டதுபோல்
ஊசியிலைக்குப் பின்னால்.
நடுவில் இருந்தது முழித்தது:
ஒரு கண் மூக்கைப் பார்க்க
ஒரு கண் நம்மைப் பார்க்க.
அலகுக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி.

"யாரென்று தெரிகிறதா, உமெகிச்சி?"
"ஆந்தை."
"நல்லது. அதிகாரி கேட்டாலும் இதையே சொல்."

நான் ஒன்றும் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை.
கொட்டகையில் கடைசி வரிசை
எங்கள் வீட்டுக்கு ஐந்து நாள் அரிசி.
பதினோரு ஆண்டு
தத்ஸுகோரோவின் முகத்தை
செர்ரிப் பலகையில் செதுக்கியவன்
அவன் தும்மிக்கூடக் கேட்டதில்லை.
தாளைக் கவிழ்த்து ஒட்டித்தான் வெட்டுவோம்;
ஆகவே நான் அறிந்த தத்ஸுகோரோவுக்கு
மச்சம் வலக் கன்னத்தில்,
வாள் இடக் கையில்.

ஓவியர் இறகுகளை வரையவில்லை.
மார்பில் நாலு கீற்று இழுத்து
"மற்றது உன் பாடு" என்று விட்டிருந்தார்.
அழகிகளின் நெற்றியோரத்து மயிரை
ஒவ்வொன்றாய் நிறுத்திப் பழகிய கத்தி.
ஒரு மயிர் நிற்க
இருபுறமும் மரம் போக வேண்டும்.
எண்ணெய்க் கிட்டங்கிக் கூரையில் இரவில் வந்தமரும் ஒன்றை
கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்,
ஆறு இரவு.
அதன் நெஞ்சில் பனியடித்த மரப்பட்டையின் நிறம்.
ஒருமுறை அது எலும்பும் ரோமமுமாய்
ஓர் உருண்டையைக் கக்கியது.
அதை என் பலகையில் சேர்க்க இடமில்லை.

அதிகாரி கேட்டாராம், "இது என்ன?"
கன்பெய் சொன்னாராம், "ஆந்தை."
முத்திரை விழுந்தது,
சற்றுக் கோணலாக.

தொராஜி அச்சிட்டான்.
முதல் இருநூறில் கிளையின் நீலம் பிசகிற்று,
எவரும் அதைப் பார்க்கவில்லை.
கடைவாசலில் ஒரே நெரிசல்.
"ஐயோ, தத்ஸு! அதே முழி!"
நண்டு விற்பவள் கூடையை இறக்கிவிட்டு
இரண்டு வாங்கினாள்.
அவள் முதுகில் கட்டியிருந்த பிள்ளை மட்டும்
விரல் நீட்டி
"ஆந்தை" என்றது.
அரசாங்கமும் நானும் அதுவும்
ஒரே கட்சி.

மழைக்காலத்தில் ஒரு மாலை.
குளியல் கடையில்
தவிட்டுப் பையால் முழங்கை தேய்த்துக்கொண்டிருந்தான்
குட்டையாய் ஒருவன்.
மச்சம் இடக் கன்னத்தில்.
அந்நியன் என்று நகர்ந்தேன்.
யாரோ கொதிநீரை அவன்மேல் சிந்த
திரும்பினான்,
ஒரு கண் மூக்கைப் பார்க்க
ஒரு கண் சிந்தியவனைப் பார்க்க.

மனத்துக்குள் அவனைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
அவனேதான்.
புருவத்தின் மூன்றாம் மயிர்வரை எனக்குத் தெரியும்.
சொல்ல வாயெடுத்தேன்;
என்னவென்று சொல்வது?
உன் முகம் என் வீட்டில்
விறகுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது என்றா?
அவன் என் வாளியைப் பார்த்து
"அது என்னுடையது" என்றான்.
கொடுத்துவிட்டேன்.
குரல், எதிர்பார்த்ததைவிட
மெலிந்தது.

வீட்டில் ஓகினுவிடம் சொன்னபோது
பெரிய ஆளா, என்றாள்.
இல்லை, என் ஆந்தையைவிடச் சிறியவன்.

அன்று இரவும் கிட்டங்கிக் கூரையில் அது வந்தது.
உடம்பை அசைக்காமல்
தலையை வலமாகத் திருப்பி
முதுகைப் பார்த்தது,
பிறகு இடமாகத் திருப்பி
அதே முதுகைப் பார்த்தது.
நான் பார்ப்பதற்கு
ஒரு பக்கமே இருந்தது.

மறுநாள் கன்பெய் வந்தார்.
அடுத்தது தவளைகள்.
எத்தனை, என்றேன்.
இருபத்து மூன்று, மல்யுத்த வளையத்தில்.
யார் யாரென்று நான் கேட்கவில்லை.
ஓகினுவை அனுப்பி
கத்தி தீட்டும் கல்லுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.